நுரை பொங்கும் தென்பெண்ணை! சதுப்பில் வாழும் உயிர்களின் கதி என்ன?

நுரை! எங்கு பார்த்தாலும் வெள்ளை நுரை!

ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. மழைக்காலத்தில் அணையின் மதகைத் திறந்தால் ஆறு தெரிவதில்லை. பஞ்சுப் பொதியைப் பிரித்துக் கொட்டியதுபோல் ஆறு முழுவதும் நுரை மிதக்கிறது. காற்று அடித்தால் அந்த நுரை பறந்து வயலில் விழுகிறது. சில நாட்களில் தரைப்பாலத்தை மூடிவிடுகிறது. வண்டிகள் நிற்கின்றன. தீயணைப்புப் படையினர் வந்து தண்ணீரைப் பீய்ச்சி நுரையை விலக்குகிறார்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதை வேடிக்கை பார்க்கிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். "பனிமலை மாதிரி இருக்கிறதே!" என்று குழந்தைகள் கை கொட்டுகின்றன.

உள்ளூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இது வேடிக்கை அல்ல, வாழ்க்கை.

மனிதன் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பால் போய்விடலாம். மீன் எங்கே போகும்? தவளை எங்கே போகும்? கரையோரக் கோரையில் கூடு கட்டிய பறவை எங்கே போகும்?

நுரை எங்கிருந்து வருகிறது?

தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்தில், நந்தி மலைப் பக்கம். அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூருக்குக் கிழக்கே ஓடி, கொடியாளம் என்ற ஊருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. முதலில் கெலவரப்பள்ளி அணை. அடுத்து கிருஷ்ணகிரி அணை. அதற்கும் கீழே சாத்தனூர் அணை. கடைசியில் கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

பெங்களூர் நகரம் ஒரு மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையில் விழும் மழை இரண்டு பக்கமும் வழிந்து ஓடுகிறது அல்லவா? அதுபோலத்தான் பெங்களூரும். மேற்குப் பக்கத் தண்ணீர் விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகளின் வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்குப் பக்கத் தண்ணீர் பெல்லந்தூர் ஏரியில் விழுந்து, வர்த்தூர் ஏரிக்கு வந்து, அங்கிருந்து தென்பெண்ணையில் கலக்கிறது.

பெல்லந்தூர் ஏரியின் பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். தண்ணீரே தீப்பற்றி எரிந்த ஏரி அது! 2017 பிப்ரவரியிலும், 2018 ஜனவரியிலும் அந்த ஏரியில் புகை எழுந்ததை நாடே பார்த்தது. ஏரியில் அடர்ந்திருந்த களையும் குப்பையும் எரிந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2020இல் ஏரியைத் தூர்வாரும் வேலை தொடங்கியது.

அந்த ஏரியிலிருந்து வழிந்து வருவதுதான் நம் எல்லைக்கு வந்து சேர்கிறது.

காவிரித் தண்ணீர் தென்பெண்ணையில்!

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது.

பெங்களூர் மக்கள் குடிப்பது காவிரித் தண்ணீர். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டுக்கு ஏற்றி, குழாயில் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டது. அதனால் நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும். ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததையும் சேர்த்தால் 220 கோடி லிட்டருக்கு மேல் ஆகிறது.

குடிப்பது கொஞ்சம். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது அதிகம். நகரத்துக்குள் 100 குடம் தண்ணீர் வந்தால் சுமார் 80 குடம் கழிவாக வெளியே போகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அதில் ஒரு பகுதி கிழக்கே ஓடுகிறது.

அதாவது, காவிரியில் எடுத்த தண்ணீர், சோப்பும் சாக்கடையுமாகத் தென்பெண்ணையில் வந்து விழுகிறது!

ஆறு கோடையில் வறண்டு கிடப்பதே முன்பு இயற்கை. இப்போது கோடையிலும் ஓடுகிறது. "தண்ணீர் வருகிறதே, நல்லதுதானே?" என்று சிலர் கேட்கலாம். வருவது என்ன தண்ணீர் என்பதுதான் கேள்வி.

கர்நாடகம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 முதல் பெங்களூர்க் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். வறண்ட ஏரிகள் பல நிரம்பின. ஆனால் சுத்திகரித்த தண்ணீர் மேட்டுக்கு ஏறுகிறது. சுத்திகரிப்புக்குத் தப்பிய தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. பள்ளத்தில் இருப்பது யார்? நாம்தான்.

நுரை உண்டாவது எப்படி?

வாளியில் சோப்புத்தூளைப் போட்டுக் கையால் அடித்தால் நுரை வருகிறது. ஆற்றில் நடப்பதும் அதுவே.

துணி துவைக்கும் தூளும், பாத்திரம் தேய்க்கும் சோப்பும் லட்சக்கணக்கான வீடுகளிலிருந்து சாக்கடைக்குப் போகின்றன. அவற்றில் ஒரு பகுதி ஏரியின் அடியில் சேற்றோடு ஒட்டித் தங்கிவிடுகிறது. கோடை முழுவதும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. மழை வந்ததும் சேறு கலங்குகிறது. தங்கியிருந்த சோப்புச் சத்து மேலே வருகிறது. மதகிலிருந்து தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது காற்று உள்ளே புகுந்து நுரை பொங்குகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து விஞ்ஞானிகள் பெல்லந்தூர் நுரையை ஆராய்ந்து சொன்ன காரணம் இது.

மழைக்காலத்தில் நுரை கூடுவது ஏன் என்று இப்போது விளங்குகிறது அல்லவா?

ஆகவே, நுரை இல்லாத மாதங்களில் ஆறு சுத்தமாகிவிட்டது என்று எண்ணக்கூடாது. அப்போது அழுக்கு அடியில் படுத்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சதுப்பு என்பது என்ன?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சதுப்பு ஏது என்று நீங்கள் நினைக்கலாம். ஏரியின் அலைகரையைப் போய்ப் பாருங்கள். முழங்கால் அளவு தண்ணீர். கீழே கரும்சேறு. நடுவே சம்பு, கோரை, நாணல். தரையும் இல்லை, குளமும் இல்லை. அதுதான் சதுப்பு. கெலவரப்பள்ளி அணையின் விளிம்பிலும், ஓசூரைச் சுற்றியுள்ள ஏரிகளின் ஓரத்திலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு.

பார்ப்பதற்கு உதவாத நிலம்போலத் தெரியும். உண்மையில் ஊருக்கு உழைக்கும் நிலம் அது.

சம்புச் செடியின் தண்டை அறுத்துப் பாருங்கள். உள்ளே சல்லடைபோல் காற்றறைகள் இருக்கும். மேலே இலை வாங்கும் காற்று, அந்த அறைகளின் வழியாகச் சேற்றுக்குள் இருக்கும் வேருக்குப் போகிறது. வேரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவை தண்ணீரில் வரும் அழுக்கைத் தின்று செரிக்கின்றன. தழைச்சத்தில் ஒரு பகுதியைக் காற்றாக மாற்றி அனுப்பிவிடுகின்றன. மணிச்சத்தைச் செடியும் சேறும் பிடித்துக்கொள்கின்றன.

கூலி கேட்காத தோட்டி, சம்பளம் வாங்காத வைத்தியர் சதுப்பு நிலம்!

ஆனால் எந்த வைத்தியருக்கும் ஓர் அளவு உண்டு. நாளுக்குப் பத்து நோயாளியைப் பார்க்கும் வைத்தியரிடம் பத்தாயிரம் பேரை அனுப்பினால் என்ன ஆகும்? அவரே படுத்துவிடுவார். இன்று நம் சதுப்புகளுக்கு நேர்ந்திருப்பது அதுதான்.

ஊதாப் பூவில் ஓர் ஆபத்து

சதுப்பு நோயில் விழுந்துவிட்டது என்பதைக் காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. அது அழகான அடையாளம்.

தண்ணீரின்மேல் பச்சைப் பாய் விரித்ததுபோல் ஒரு செடி. நடுவே ஊதா நிறப் பூ. இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பியிருக்கும். அதனால் வெங்காயத்தாமரை என்று பெயர். ஆகாயத்தாமரை என்றும் சொல்கிறார்கள்.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பூவின் அழகில் மயங்கி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது விருந்தாளியாக, ஆனது வீட்டுக்காரனாக! ஆறுகளில் படகு போக முடியவில்லை. வயல்களை மூடியது. 1936இல் வங்காளத்தில் இதை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் போட வேண்டியதாயிற்று.

சாக்கடையில் வரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் இதற்கு நல்ல உரம். வசதியான இடத்தில் இரண்டே வாரத்தில் இது இரட்டிப்பாகிவிடும். பாயாக மூடியதும் வெயில் உள்ளே போகாது. தண்ணீருக்குள் வளரும் சிறு செடிகள் சாகும். காற்றும் சரியாகக் கலக்காது. தண்ணீரில் பிராணவாயு குறையும். மீன் மூச்சுத் திணறும்.

"இது அழுக்கை உறிஞ்சுகிறது என்கிறார்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஈயம் முதலான உலோகங்களைக்கூட வேரில் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதை வெளியே எடுத்துப் போட்டால்தான் பயன். தண்ணீரிலேயே விட்டால் செத்து அழுகி, வாங்கியதையெல்லாம் திருப்பித் தண்ணீரிலேயே கொட்டிவிடும். ஆலைக் கழிவு கலந்த ஏரியில் எடுத்த செடியை மாட்டுக்குப் போடுவதும் ஆபத்து.

1980களில் பெங்களூர் விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். இந்தச் செடியை மட்டுமே தின்னும் கூன்வண்டு ஒன்று தென் அமெரிக்காவில் உண்டு. அதைத் தருவித்துப் பெங்களூர் வட்டாரத்து ஏரிகளில் விட்டார்கள். வண்டு நன்றாக வேலை செய்தது. ஆனால் சாக்கடை நிற்கவில்லை. தின்னத் தின்ன வளர்ந்தால் வண்டுதான் என்ன செய்யும்?

மீனும் பறவையும் சொல்லும் செய்தி

நல்ல ஏரியில் பலவகை மீன் இருக்கும். கெண்டை, கெளுத்தி, விரால், குரவை, அயிரை என்று வலையில் விதவிதமாக விழும். கெட்ட ஏரியில் மீனே இருக்காது என்று நினைக்காதீர்கள். மீன் இருக்கும், வகை இருக்காது!

1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் ஜிலேபி. பிராணவாயு குறைந்த தண்ணீரிலும் அது தாக்குப்பிடிக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி அதைவிடக் கெட்டிக்காரன். தலையை வெளியே நீட்டிக் காற்றையே சுவாசிக்கும். நம் நாட்டு மீன்களையும் தின்றுவிடும். அதை வளர்க்கக்கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டது. அழுக்குத் தண்ணீரில் இப்படிப்பட்ட முரடர்கள் மிஞ்சுகிறார்கள். சாதுவான மீன்கள் மறைகின்றன.

பறவையும் அப்படித்தான்.

நீண்ட சிவந்த கால்களோடு நிற்கும் பவளக்கால் உள்ளானைப் பார்த்திருப்பீர்கள். அது சாக்கடைக் குட்டையிலும் கூட்டம் கூட்டமாக மேயும். அங்கே அதற்குப் புழு கிடைக்கிறது. "பறவை வந்திருக்கிறது, ஏரி நன்றாக இருக்கிறது" என்று நாம் ஏமாந்துவிடுகிறோம்.

உண்மையைத் தெரிந்துகொள்ள வேறு பறவைகளைத் தேட வேண்டும். அல்லி இலைமேல் விரல் விரித்து நடக்கும் இலைக்கோழி இருக்கிறதா? தண்ணீருக்குள் மூழ்கி மீன் பிடிக்கும் முக்குளிப்பான் குஞ்சுகளோடு தெரிகிறதா? நத்தையைக் குத்தித் தின்னும் நத்தைகுத்தி நாரை வருகிறதா? அல்லி வேண்டும், சிறு மீன் வேண்டும், நத்தை வேண்டும். இவையெல்லாம் இருந்தால்தான் அவை தங்கும்.

தவளை போனால் கொசு வரும்

ஓசூர் வீடுகளில் மாலையானால் கதவைச் சாத்துகிறார்கள். கொசு!

கொசுவுக்கும் சதுப்புக்கும் முடிச்சுப் போட்டு, "ஏரியை மூடிவிட்டால் கொசு போகும்" என்று பேசுகிறவர்கள் உண்டு. இது தவறு.

நல்ல சதுப்பில் தும்பியின் குஞ்சுகள் தண்ணீருக்குள் வாழ்கின்றன. அவற்றின் ஆகாரம் கொசுப்புழு. சிறு மீன்களின் ஆகாரமும் கொசுப்புழு. வளர்ந்த தும்பியும் தவளையும் பறக்கும் கொசுவைப் பிடித்துத் தின்கின்றன. சாக்கடை சேர்ந்ததும் என்ன நடக்கிறது? தும்பிக் குஞ்சுக்கு மூச்சு முட்டுகிறது. தவளையின் தோல் மெல்லியது. அதன் வழியாகவே அது சுவாசிக்கவும் செய்கிறது. சோப்புத் தண்ணீரும் ரசாயனமும் அதற்கு எமன். கொசுப்புழுவுக்கோ கவலை இல்லை. அது வாலில் உள்ள குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றைக் குடிக்கிறது.

காவல்காரன் செத்தான், திருடன் பிழைத்தான்!

யானையும் அதே தண்ணீரில்

ஆண்டுதோறும் அறுவடைக் காலத்தை ஒட்டி, பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் வருகின்றன. ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளைக் கடந்து, ஓசூர் அருகே சானமாவு காடு வரை வந்துவிடுகின்றன. ராகி வயல் அவற்றை இழுக்கிறது. தாகம் எடுத்தால் ஏரியும் ஆறும்தான் கதி.

இதே மாவட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தெற்கே காவிரி ஓடும் காடுகளில் நீர்நாய் உண்டு. சேற்று முதலை உண்டு. மெல்லோட்டு ஆமை உண்டு. 2022 நவம்பரில் தமிழக அரசு அங்கே 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் என்று அறிவித்தது. ஒரே மாவட்டம். ஒரு பக்கம் நீர்நாய் நீந்தும் ஆறு. இன்னொரு பக்கம் நுரை மிதக்கும் ஆறு!

விவசாயியின் நிலை

கெலவரப்பள்ளி அணையின் உயரம் 44.28 அடி. சுமார் 8,000 ஏக்கர் நிலம் அதை நம்பியிருக்கிறது. கீழே உள்ள கிருஷ்ணகிரி அணையை 1957 நவம்பர் 10ஆம் தேதி காமராஜர் திறந்து வைத்தார். 9,012 ஏக்கர் பாசனம் அதற்கு உண்டு. அந்த அணையின் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் மாறி நாற்றம் அடித்த செய்திகள் இப்போது வருகின்றன. மேலிருந்து வரும் சத்தைத் தின்று கொழுக்கும் பாசியால் வந்த நிறம் அது.

இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி சொல்ல முடியுமா? சொன்னால் பயிர் காயும். வேண்டும் என்றால் கால் அரிக்கும். அந்த வயலில் விளையும் காய்கறி ஓசூர்ச் சந்தைக்கு வருகிறது. பெங்களூருக்கும் போகிறது. பெங்களூர் அனுப்பிய அழுக்கு, காய்கறிக் கூடையில் பெங்களூருக்கே திரும்பிப் போகிறது!

கல்கத்தா காட்டிய வழி

இதற்கு மாற்று உண்டா? உண்டு.

கல்கத்தாவுக்குக் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் இருக்கிறது. நகரத்துச் சாக்கடை அங்கே ஆழமில்லாத குளங்களில் விடப்படுகிறது. வெயில் கிருமியைக் கொல்கிறது. அழுக்கைத் தின்று பாசி வளர்கிறது. பாசியைத் தின்று மீன் வளர்கிறது. மீனை மக்கள் விற்றுப் பிழைக்கிறார்கள். பாடம் படித்த பொறியாளர்கள் போட்ட திட்டம் அல்ல இது. மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம். துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர் இதன் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 2002இல் அது ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

ராம்சர் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஓர் ஊர். 1971இல் அங்கே உலக நாடுகள் கூடி, சதுப்பு நிலங்களைக் காப்பதென்று ஒப்பந்தம் செய்தன. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் உள்ள இடங்கள் 2025 பிப்ரவரியில் 20 ஆயின. சென்னைப் பள்ளிக்கரணையும் அதில் ஒன்று. அந்த 20இல் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஏரி ஒன்றுகூட இல்லை.

கல்கத்தா முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியுமா? யோசிக்க வேண்டும். வீட்டுச் சாக்கடையைச் சதுப்பு செரிக்கும். ஆலை ரசாயனத்தைச் செரிக்காது. இரண்டையும் கலந்துவிட்டால் அந்த மீனை யாரும் தின்னக்கூடாது. ஆகவே முதல் வேலை, இரண்டையும் பிரிப்பது.

யார் குற்றவாளி?

"எல்லாம் பெங்களூர் செய்த குற்றம்" என்று சொல்லிவிட்டு நாம் தூங்கப் போகலாமா? கூடாது.

1970களில் சிப்காட் வந்தது. ஓசூர் தொழில் நகரம் ஆயிற்று. 2019இல் மாநகராட்சியும் ஆயிற்று. ஜனம் பெருகியது, சாக்கடையும் பெருகியது. ஊருக்கு நடுவே இருக்கும் ராமநாயக்கன் ஏரி நம்முடைய ஏரி. அதில் கர்நாடகம் கழிவைக் கொட்ட முடியாது. அதைச் சுத்தமாக வைத்துக்கொண்டால்தான், எல்லைக்கு அப்பால் உள்ளவர்களைப் பார்த்து நாம் விரல் நீட்ட முடியும்.

அரசுகளுக்கும் ஒரு வார்த்தை. தென்பெண்ணை நீரைப் பற்றித் தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. எவ்வளவு தண்ணீர் வரவேண்டும் என்பது பெரிய கேள்விதான். அதே அளவு பெரிய கேள்வி, எப்படிப்பட்ட தண்ணீர் வரவேண்டும் என்பது. எல்லையில் கொடியாளத்திலேயே இரு மாநிலத்தாரும் சேர்ந்து நாள்தோறும் தண்ணீரைச் சோதிக்கட்டும். முடிவை ஊர்ப் பலகையில் எழுதிப் போடட்டும். எந்த ஆலை எதைக் கலந்தது என்று அப்போது மறைக்க முடியாது. தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974 முதல் நம்மிடம் இருக்கிறது. சட்டம் இல்லாத குறை இல்லை. பார்ப்பவர் இல்லாத குறைதான்.

வீட்டில் செய்யக் கூடியவை

நுரையில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். அழுக்கும் கிருமியும் நுரையில் திரண்டிருக்கும். ஆற்று நீர் பாயும் ஊரில் வாங்கும் கீரையை நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். சோப்புத்தூளை அள்ளிக் கொட்டாதீர்கள், அளந்து போடுங்கள். எண்ணெயையும் மருந்தையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஏரிக்கரையில் உள்ள கோரையையும் சம்பையும் "புதர்" என்று வெட்டி எறிய யாராவது வந்தால், ஏன் என்று கேளுங்கள்.

குழந்தைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து ஏரிக்கு அழைத்துப் போங்கள். எத்தனை வகைப் பறவை, எத்தனை வகைத் தும்பி என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை கூடினால் ஏரி பிழைக்கிறது. குறைந்தால், ஊர்க்கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டுபோங்கள்.

மாலையில் தவளை கத்தும் ஊரில் தண்ணீர் உயிரோடு இருக்கிறது என்று பொருள். உங்கள் ஏரியில் தவளை கத்துகிறதா? இன்று மாலை காதுகொடுத்துக் கேளுங்கள்.